இரண்டாம் பக்கத்துப் பலகை

போன வருடம் டிசம்பர் பாடசாலை விடுமுறையில், மலையகத்துப் பூண்டுலோயா டவுனில் நடந்தது இது. நான் ஹட்டனில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. முன்கோபி என்று பாடசாலையில் எனக்குப் பெயர். அந்தப் பெயரில் பொய் ஒன்றும் இல்லை. இதை எழுதும்போதும் கோபத்தோடுதான் எழுதுகிறேன், வார்த்தை எங்காவது தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு வினோதமான பைத்தியம் உண்டு. அந்தக் காலத்து வீடியோ கேம் கடைகளில் நின்ற ஆள் உயர மெஷின்களைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, பாதுகாத்து வைக்கிறேன். அதிலும் சண்டை விளையாட்டு மெஷின்கள் மட்டும்தான். இரண்டு பேர் தோளோடு தோள் உரசி நின்று, ஆளுக்கொரு ஸ்டிக்கும் ஆறு பட்டனுமாக, திரைக்குள் இருக்கும் இரண்டு வீரர்களை மோத விடுவார்களே, அது. வீட்டுக்குப் பின்னால் உள்ள அறையில் மூன்று நிற்கின்றன. எங்கள் ஊர் ஈரத்துக்கு மரம் ஊறிப் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால், ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு சின்ன குண்டு பல்ப் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். "பொட்டிக்கெல்லாம் குளிரும்னு பல்ப் போட்டு வக்கிறா, நான் போனா ஒரு கம்பளி எடுத்துத் தர மாட்டேங்குறா" என்று என் அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஆசை இல்லை, ஆத்திரம். நான் பிறந்து வளர்ந்தது பூண்டுலோயாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில். டவுனில் இருந்த பாடசாலைக்கு நடந்து போகும் வழியில் ஒரு கேம் கடை இருந்தது. ஒரு முஸ்லிம் முதலாளி நடத்தினார், எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் வகுப்புப் பையன்கள் எல்லாம் அங்கேதான் கிடப்பார்கள். பெண் பிள்ளைகள் வாசலில் நிற்கக்கூட முடியாது. ஒருநாள் நான் புத்தகப் பையோடு வாசலில் நின்று, பையன்களின் தோள்களுக்கு நடுவே தெரிந்த திரையை ஐந்து நிமிடம் பார்த்தேன். அவ்வளவுதான். எங்கள் லயத்து ஆள் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, நான் வீடு போய்ச் சேர்வதற்குள் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அடி விழுந்ததுடன், மறுநாளிலிருந்து அந்தப் பாதையால் போகக்கூடாது என்றும் ஆகிவிட்டது. பாலத்தைச் சுற்றிக்கொண்டு போ என்றார்கள். ஐந்து நிமிடம் பார்த்ததற்கு நான்கு வருடம் சுற்றிக்கொண்டு நடந்தேன். உள்ளே நின்று விளையாடிய பையன்களை ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு, எந்தப் பொருளைப் பார்க்கவே கூடாது என்றார்களோ அதையே வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துவேன் என்று ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. மெஷினைப் பிரிக்கவும் பூட்டவும் இணையத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நாட்டில் இருபது முப்பது பேர் இருப்போம், எங்களுக்கென்று ஃபோனில் ஒரு குழுவும் உண்டு. அதில் நான் ஒருத்திதான் பெண். சந்தேகம் எதுவானாலும் அங்கேதான் கேட்பேன். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், என் மடத்தனம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

நானா காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. கடை நின்ற இடத்தில் அவர் மகன் இப்போது ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறார். என்னைவிடச் சற்று இளையவர். பின்பக்கத்து ஸ்டோர் அறையில், சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு மெஷின் கிடப்பதாக, என் பைத்தியத்தைக் கேள்விப்பட்டு அவரே ஃபோன் எடுத்துச் சொன்னார். "வாப்பா மௌத்தானதுக்குப் பொறகு யாரும் தொடல்ல டீச்சர். நீங்க கொண்டு போனா அதுக்கு ஒரு மரியாத கெடைக்கும்" என்றார். எந்த வாசலில் நின்றதற்கு அடி வாங்கினேனோ, அந்த வாசலால் அந்த மெஷினை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து என் வான் வண்டியில் ஏற்றினார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

வீட்டில் கொண்டுவந்து தூசி தட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. படக்குழாய் நன்றாக இருந்தது. உள்ளே இருக்கும் சர்க்கிட் போர்டு ஒரு வாரம் வேலை செய்ததும் உயிர் பிடித்துவிட்டது. ஆனால் ஸ்டிக்கும் பட்டன்களும் பொருத்தியிருக்கும் முன்பக்கத்துப் பலகையை யாரோ நாசம் பண்ணியிருந்தார்கள். முதலாம் பக்கம், அதாவது முதல் ஆள் நிற்கும் பக்கம், ஒழுங்காக இருந்தது. இடது கைக்கு ஸ்டிக், வலது கைக்கு நெருக்கமாக ஆறு பட்டன். இரண்டாம் பக்கத்தில்தான் கூத்து. ஸ்டிக்கைப் பிடுங்கி வலது ஓரத்தில் நட்டிருந்தார்கள். பட்டன்களில் மூன்று ஒரு மூலையில், மற்ற மூன்று ஒரு சாண் தள்ளி வேறொரு மூலையில். நடுவில் வெறும் பலகை. பழைய துளைகளைத் தகரத் துண்டு வைத்து மூடி ஆணி அடித்திருந்தார்கள். எந்த மனிதக் கைக்கும் பொருந்தாத ஓர் அமைப்பு. கண்டதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

நானாவின் மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்த வருடங்களில் அவர் கண்டியில் ஹொஸ்டலில் தங்கிப் படித்திருக்கிறார், எனக்குத் தெரியாது டீச்சர் என்றார். அத்தோடு விட்டேன். நான் விசாரித்தது அந்த ஒரு ஆளைத்தான். பிறகு பலகையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, இதைச் செய்த கை விளங்குமா என்று எழுதினேன். குழுவே கொதித்தது. குடித்துவிட்டுத் துளை போட்டிருப்பான் என்றார் ஒருவர். தோட்டப் பக்கத்து ஆட்களுக்கு இதன் அருமை எங்கே தெரியப் போகிறது என்று எழுதினார் இன்னொருவர். நானே தோட்டத்துப் பிள்ளைதான், அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். இருக்கவில்லை. அதற்கும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கையை நானே அடிக்க வேண்டும் போல இருக்கிறது.

குழுவில் எல்லாரும் மதிக்கும் ஒருவர் இருக்கிறார், கொழும்புக்காரர். அளவு முதற்கொண்டு எல்லாம் தெரிந்தவர். கொழும்பில் பழைய மெஷின்களுக்கு ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகவும், தொழிற்சாலையிலிருந்து வந்த அதே நிலையில் இருக்கும் மெஷின்களை மட்டும்தான் அதில் சேர்ப்பதாகவும் எழுதினார். அசல் அளவில் வெளிநாட்டில் ஒரு பலகை வெட்டுகிறார்கள், அதை வரவழைத்துப் போட்டால் என் மெஷினையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மலையகத்திலிருந்து ஒரு மெஷின், அதுவும் எங்கள் ஊர் மெஷின், கொழும்புக் கண்காட்சியில். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மூன்று மாதம் காத்திருந்து பலகையை எடுப்பித்தேன். பொருத்தியதும் கச்சிதமாக உட்கார்ந்தது.

பழைய பலகையை என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டிக், பட்டன், வயர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு, இரண்டாக வெட்டி, குளிக்கத் தண்ணீர் காய்ச்சும் அடுப்பில் வைத்தேன். சனியன் தொலைந்தது என்று வாய்விட்டுச் சொன்னேன். நல்ல காய்ந்த மரம், சீக்கிரம் பற்றிக்கொண்டது. நிம்மதியாகக் குளித்தேன்.

மெஷின் கொழும்புக்குப் போவதற்கு முன் ஒருநாள் எங்கள் டவுன் ஆட்கள் பார்க்கட்டும் என்று நானாவின் மகன்தான் யோசனை சொன்னார். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை அவருடைய ஹார்ட்வேர் கடையின் முன்பகுதியில் கொண்டுபோய் நிறுத்தினோம். அன்றைக்கே கொழும்புக்காரரும் வானோடு வந்து சேர்ந்தார். டேப் வைத்து அளந்தார், டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார், புதுப் பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். "நூத்துக்கு நூறு, மிஸ்" என்றார். கணக்கு டீச்சரிடம் நூற்றுக்கு நூறு என்று சொன்னால் கேட்க வேண்டுமா, எனக்குத் தலைகால் புரியவில்லை. யார் வந்தாலும் இழுத்துவைத்து, பலகை எப்படி இருந்தது, அதை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். என் வயதுக்காரர்கள் சிலர் பலகையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்கள். வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

பதினொரு மணி வாக்கில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார். இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். கூடவே மகள். கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவள், நத்தார் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். இருபத்திரண்டு வயதிருக்கும். வந்ததும் வராததுமாக அவள்தான் பேச ஆரம்பித்தாள்.

"இதுதானா டீச்சர் அந்த மெஷினு? எங்க அப்பா இதப் பத்தி பேசாத நாளே கெடையாது. அந்தக் காலத்துல ரெண்டு வருஷமா இவர ஒருத்தரும் ஜெயிக்கலயாம். நானும் அம்மாவும் நம்பவே மாட்டோம். இன்னிக்கி காட்டுறேன் வான்னு இழுத்துக்கிட்டு வந்திருக்காரு."

அவர் சிரித்துக்கொண்டே இடது கையை வெளியே எடுத்தார். நடு மூன்று விரல்களும் இல்லை. பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும். தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்பார்கள், அங்கே ரோலரில் மாட்டிப் போன கைகளை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். கேட்காமலே புரிந்தது.

மகளை முதலாம் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு, அவர் இரண்டாம் பக்கம் வந்து நின்றார். பலகையைப் பார்க்கவே இல்லை, திரையைப் பார்த்தபடி வலது கையைச் சட்டென்று வலது ஓரத்தில் வைத்தார். ஸ்டிக் அங்கே இல்லை. கை பட்டன்களில் போய் விழுந்தது. குனிந்து பார்த்தார். பிறகு இடது கையால் ஸ்டிக்கைப் பிடிக்கப் பார்த்தார், வழுக்கியது. கையைக் குறுக்கே போட்டு, வலது கையால் ஸ்டிக்கையும் இடது கையால் பட்டனையும் பிடித்துப் பார்த்தார். பட்டன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன, அவருடைய இரண்டு விரல்களும் அங்கே இடறி விழுந்தன. மகளுக்கு விளையாடவே தெரியாது. கண்டபடி பட்டனை அமுக்கியே அவரை இரண்டு சுற்றிலும் வீழ்த்திவிட்டாள்.

"அவ்ளோதானாப்பா?" என்று அவள் சிரித்தாள். சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. "மறந்து போச்சி போல" என்று சொல்லிவிட்டு, அவர் கையை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, "கை நல்லா இருந்த காலத்துல நல்லா ஆடியிருப்பீங்க அண்ணே, அது போதும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "இல்லீங்க டீச்சர். கை போனதுக்கு அப்புறந்தான் நான் ஆடுனதே. இந்தப் பக்கத்துப் பலகை வேற மாதிரி இருந்திச்சி. அது எங்கங்க?"

பக்கத்தில் நின்ற நானாவின் மகன் என்னைப் பார்த்தார். வெள்ளைச் சட்டைக்காரர் தானாகவே சொல்லிக்கொண்டு போனார். கை போனபோது அவருக்கு இருபது வயது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு லயத்துக்குள் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் டவுனுக்கு வந்து இந்தக் கடையில் நிற்பாராம். விளையாட முடியாது, மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு மாதம் அப்படி. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்த நானா, கடையைத் திறப்பதற்கு முன் அவரை உள்ளே கூப்பிட்டு, கையை இந்தப் பலகையில் வை தம்பி என்றாராம். பென்சிலால் கையைச் சுற்றிக் கோடு போட்டாராம். பெருவிரல் எட்டும் இடத்தில் மூன்று பட்டன், சுண்டுவிரல் எட்டும் இடத்தில் மூன்று பட்டன், நல்ல கைக்கு ஸ்டிக். தச்சு வேலை செய்யும் பாஸ் ஒருவரை வைத்து அன்று பின்னேரமே துளை போட்டு முடித்திருக்கிறார்.

"நான் அவருகிட்ட ஒன்னும் கேக்கலீங்க டீச்சர். அவராத்தான் செஞ்சாரு. பசங்க மொதல்ல சண்ட புடிச்சானுங்க, ரெண்டாம் பக்கம் ஆட முடியலன்னு. ஒங்களுக்கு ஒரு பக்கம் இருக்குல்ல, அது போதும்னுட்டாரு."

நான் அந்தப் பலகையை எரித்துவிட்டேன் என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. தண்ணீர் காய்ச்ச எரித்தேன் என்பதையும் சொன்னேன், மறைக்க மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் வரைக்கும் அதே இடத்தில் நின்றுகொண்டு, எவனோ ஒரு கழுதை நாசம் பண்ணிய பலகை என்று ஊருக்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

அவர் உடனே, "பரவால்லீங்க டீச்சர். தெரியாமத்தான செஞ்சீங்க" என்றார்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் மேல் இல்லை, என் மேல். அவர் என்னைத் திட்டியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பரவாயில்லை அவருக்கு எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்பதைக் கேட்டபோது, அந்த ஒரு வார்த்தையை அவர் வாழ்நாளெல்லாம் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. கை போனது அவருடைய கவனக்குறைவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அதுவும் அவருக்கு வாசிக்கத் தெரியாத இங்கிலீஷில். அதற்கும் பரவாயில்லை. அப்புறம் அதே ஸ்டோரில் கூட்டித் துடைக்கும் வேலை. கழிவுத் தேயிலைத் தூள் அள்ளுகிற கூடைக்கு இரண்டு கை வேண்டும், அதன் பிடியைக்கூட யாரும் மாற்றித் தரவில்லை. இருபத்தைந்து வருடம் முழங்கையை உள்ளே கொடுத்துத் தூக்கியிருக்கிறார். இதெல்லாம் அவர் முறையிட்டுச் சொன்னதில்லை, மகள் படபடவென்று கொட்டியது.

ஏனென்றால் பரவாயில்லை என்று அப்பா சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. அதுவரை அப்பாவைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தவள், நேராக என் பக்கம் திரும்பினாள்.

"எதுக்குப்பா பரவால்லங்குறீங்க? டீச்சர், நீங்க இந்த ஊருதான? இங்க வளந்தவங்கதான? எரிக்கிறதுக்கு முன்னுக்கு இந்த டவுன்ல ஒரு ஆளுகிட்ட கேட்டீங்களா, இது ஏன் இப்பிடி இருக்குன்னு? பஸ் ஸ்டாண்டுல போயி கேட்டிருந்தா எங்க அப்பா பேர சொல்லியிருப்பாங்கல்ல?"

அவர் அவளை அதட்டினார், டீச்சர்கிட்ட அப்படிப் பேசக்கூடாது என்று. நான் தடுத்தேன், அவள் பேசட்டும் என்றேன். இருபது வருடமாகப் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு ஒருத்தி கேட்டாள். கேட்கவில்லை என்பதுதான் பதில். என்னை அந்தக் கடைக்குள் விடாததால் உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது, அது என் குற்றம் இல்லை. ஆனால் தெரியாத விஷயத்தை ஊர் ஆட்களிடம் கேட்காமல், பூண்டுலோயா எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத முப்பது பேரிடம் கேட்டேன் பாருங்கள், அது முழுக்க முழுக்க என் குற்றம். சின்ன வயதில் என்னை வெளியே நிறுத்தியவர்கள்மேல் இருந்த கோபத்தில், ஊரிடம் கேட்க ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன் போல.

கொழும்புக்காரர் இதுவரைக்கும் ஒதுங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், என் முழங்கையைத் தொட்டு ஒரு பக்கம் கூட்டிப் போனார். கெட்ட மனிதர் இல்லை. "மிஸ், நான் சொல்றத கேளுங்க. இவருக்கு வேற ஒரு பலகை செஞ்சு போடுங்க, இன்னைக்கு ஆசை தீர விளையாடட்டும். பின்னேரம் கழட்டிட்டு இந்தப் பலகையப் போட்டுத் தாங்க. மெஷினுக்கு ஒண்டும் ஆகாது, அவருக்கும் சந்தோஷம்" என்றார்.

நல்ல யோசனைதான். ஒரு நிமிடம் நானும் தடுமாறினேன். மூன்று மாதம் காத்திருந்து எடுப்பித்த பலகை, கொழும்புக் கண்காட்சி, எங்கள் ஊர் பெயர் போட்ட அட்டை. ஆனால் அந்த மனிதரிடம் போய், பின்னேரம் வரைக்கும் உங்கள் கைக்கு, அதற்குப் பிறகு கொழும்புக்கு என்று எந்த வாயால் சொல்வது? "இந்தப் பலகை இந்த ஊரில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. நீங்க அசல்னு சொல்றது எது?" என்று கேட்டேன். நான் மெதுவாகப் பேசுவதாகத்தான் நினைத்தேன், ஆனால் சீமெந்து ஏற்ற வந்த லொறிக்காரர்கூட இறங்கி வந்து பார்த்தார். ஜப்பானில் எவனோ ஒருவன் பத்து விரலை மனதில் வைத்து அளவு போட்டிருக்கிறான், அதற்குப் பெயர் அசல். இங்கே ஒரு மனிதனின் கையைப் பார்த்து ஒருவர் அளவு போட்டார், அதற்குப் பெயர் நாசமா? மெஷின் போவதானால் அவருடைய பலகையோடு போகட்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கொழும்புக்காரர் தோளைக் குலுக்கினார். கண்காட்சி விதியை அவரால் மாற்ற முடியாதாம். பாலில்லாத சாயத் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, வெறும் வானோடு இறங்கிப் போனார். எனக்கு அழுகை வந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். மானம் போனாலும் பரவாயில்லை, அந்த மெஷினைக் கொழும்பில் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது.

நானாவின் மகன் கடைக்குள் போய் ஒரு பலகையும் துளை போடும் மெஷினும் கொண்டுவந்தார். பலகையைக் கல்லாப் பெட்டி மேசையில் கிடத்தி, "கைய வையுங்க அண்ணே" என்றேன். அவர் வைத்தார். நான் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டேன். விரல் இல்லாத இடங்களில் பென்சில் சும்மா வளைந்து வந்தது. அவர் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருந்தார். "சுண்டு வெரலு பக்கம் இன்னும் கொஞ்சம் கீழங்க டீச்சர். இது நடுங்கும், எடம் வேணும்" என்று சொல்லிச் சொல்லித் திருத்தினார். துளை போட்டு, வயரை நீட்டி இழுத்து, பட்டன்களை மாட்டி முடிக்கப் பின்னேரம் மூன்று மணி ஆகிவிட்டது. சாப்பாட்டுக்குக்கூட யாரும் நகரவில்லை.

அவர் ஆடியதை எனக்கு எழுதத் தெரியவில்லை. முதல் சுற்றில் கை பழகவில்லை, மகள் ஜெயித்தாள். அதற்குப் பிறகு அவள் பக்கத்து வீரன் எழுந்து நிற்கவே இல்லை. அவளுக்குப் பிறகு ஒரு த்ரீவீலர்க்காரர், அவருக்குப் பிறகு என் வகுப்பில் படித்தவர்கள் இரண்டு பேர், அப்புறம் நான். இருபது வருடமாக மெஷின் சேர்க்கிறவள், அரை நிமிடத்தில் தோற்றேன். மகளென்று பாவம் பார்க்கவில்லை, டீச்சரென்றும் பாவம் பார்க்கவில்லை. அந்த முகத்தில் பரவாயில்லை என்பது துளிகூட இல்லை. எனக்கு அதுதான் பெரிய ஆறுதல். மகள் அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மெஷின் இப்போது ஹார்ட்வேர் கடையிலேயே நிற்கிறது. நான்தான் அங்கே விட்டு வந்தேன், உள்ளே பல்ப் எரிகிறதா என்று வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். பாடசாலை விட்டுப் போகும் பெண் பிள்ளைகளும் உள்ளே வந்து விளையாடுகிறார்கள், யாரும் யாரிடமும் போய்ச் சொல்வதில்லை. சொல்லிப் பார்க்கட்டும். குழுவிலிருந்து நான் விலகவில்லை. நடந்தது அனைத்தையும் எழுதிப் போட்டேன், தோட்டப் பக்கத்து ஆட்கள் என்று எழுதியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவர் இன்னும் பதில் போடவில்லை.

ஆனால் என் கோபம் ஆறவில்லை. நானாவைத் தவிர வேறு யாரும், அந்த மனிதர் வேலை செய்த ஸ்டோரிலோ, பஸ்ஸிலோ, தோட்டத்து ஆபீசான கந்தோரிலோ, அந்தக் கைக்காக எதையும் மாற்றிக் கொடுத்ததில்லை. மாற்றப்பட்ட அந்த ஒரே பலகையைத்தான் படித்தவள் நான் அடுப்பில் வைத்தேன். புதுப் பலகை நன்றாகத்தான் வேலை செய்கிறது, அவரும் நல்லா இருக்குங்க டீச்சர் என்றுதான் சொல்கிறார். இருந்தாலும் இது ஒரு தப்பைச் செய்துவிட்டு, ஊர் முன்னால் திட்டு வாங்கிய பிறகு நான் போட்டுக் கொடுத்தது. எரிந்துபோன அந்தப் பலகையோ, வாய் திறந்து கேட்காத ஒருவருக்கு இன்னொருவர் தானாகப் பார்த்துச் செய்தது, அதை என்னால் எந்த மரத்திலும் திருப்பிச் செய்ய முடியாது.